இரண்டு குழாய்களும் ஒரு கருவும்

நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிங்கப்பூரின் வுட்லண்ட்ஸ் எல்லையில் கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறக்கச் சொல்லி, பைகளுக்குள் கைவிட்டுப் பார்ப்பது என் வேலை. “ஒண்ணும் இல்ல மேடம், பழம்தான்” என்று கேட்பதற்கு முன்பே சொல்பவரிடம்தான் கூடுதல் நேரம் செலவழிப்போம். வீட்டுக்கு வந்து சீருடையைக் கழற்றினாலும் அந்தக் குணம் கழலுவதில்லை. “உனக்குக் குட்மார்னிங் சொன்னாக்கூட எதுக்குன்னு கேப்ப” என்பார் என் கணவர் செந்தில்.

இப்படிப்பட்டவள் குழந்தைக்காக மருத்துவமனைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுதுகிறேன். அந்தக் காத்திருப்பு அறையில் என்னைப் போலவே உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு வெளியே விறைப்பாக உட்கார்ந்திருந்த பெண்கள் பலரைப் பார்த்தேன். யாரும் யாரிடமும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குப் பாதி பயம் குறைந்திருக்கும். மருந்துகளின் பெயரை எழுதப் போவதில்லை. ஒருத்திக்குச் சரியானது இன்னொருத்திக்குச் சரியாக இருக்காது, அதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இங்கே பிறந்து வளர்ந்தவள். செந்தில் புதுக்கோட்டைப் பக்கம். கப்பல் பட்டறையில் பொறியாளர். திருமணத்துக்குப் பின் மார்சிலிங்கில் வீடு வாங்கினோம். ஒரு சிறிய அறையைக் காலியாக விட்டு வைத்தோம். ஒரு வருடம் போனது, இரண்டு போனது, அந்த அறைக்குள் துணி காயவைக்கும் கம்பி வந்தது, இஸ்திரி மேசை வந்தது. அதன் பிறகுதான் டாக்டரைப் பார்க்கலாம் என்று நானே வாயைத் திறந்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு.

முதல் நிபந்தனையாக, செந்திலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றேன். மறுக்கப் போகிறார் என்று நினைத்து, சண்டைக்கு வேண்டிய வசனங்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். “சரி, எப்ப போகணும்?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. முடிவு நன்றாக இருக்கிறது என்று வந்து சொன்னபோது, அந்தத் தாளை வாங்கி நானே இரண்டு முறை படித்தேன். அவருக்கு உண்மையிலேயே ஒரு குறையும் இல்லை. அப்படியானால் குறை என் பக்கம்தான் என்பது மெதுவாக எனக்குள் இறங்கியது.

எனக்கு எடுத்த சோதனைகள் நிறைய. இரத்தப் பரிசோதனையில் சினைப்பையில் எவ்வளவு முட்டை மீதம் இருக்கிறது என்று மதிப்பிடுவார்கள். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் மோசமில்லை என்றார்கள். ஸ்கேனில் கருப்பை நன்றாக இருந்தது. கடைசியில் சாயம் ஏற்றும் எக்ஸ்ரே. கருப்பையின் வாய் வழியாக மெல்லிய குழல் விட்டு ஒரு சாயத்தைச் செலுத்துகிறார்கள். கருப்பையின் இரு பக்கமும் இருக்கும் கருக்குழாய்கள் திறந்திருந்தால் சாயம் அவற்றின் வழியாக ஓடி வயிற்றுக்குள் சிந்திவிடும். மாதவிலக்கு வலி போல இருக்கும் என்றார்கள். யாருடைய மாதவிலக்கு என்று சொல்லவில்லை. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். சாயம் இரண்டு பக்கமும் போனது, நுனியில் நின்றது, அங்கேயே உப்பியது. அடைத்து வைத்த பொருளைத் திரையில் கண்டுபிடிப்பது என் தொழில். படம் எடுத்த பெண் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் மெல்லிய குரல் கொண்ட சீனப் பெண்மணி. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“சின்ன வயதில் வயிற்றில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா?”

செகண்டரி ஸ்கூலில் படிக்கும்போது குடல்வால் வெடித்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றேன்.

“அதனால் இருக்கலாம். உள்ளே சீழ் பரவி ஆறும்போது குழாய்களின் நுனி ஒட்டிக்கொள்ளும். வெளியே தெரியாது, வலிக்காது. இப்போது இரண்டிலும் நீர் கோத்திருக்கிறது.”

பிறகு வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மாத்திரை கொடுத்து முட்டையை வளர்க்கலாம், ஆனால் குழாய் அடைத்திருக்கும்போது முட்டையும் விந்தும் சந்திக்க வழியில்லை. விந்தைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறைக்கும் ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். அடைப்பை வெட்டித் திறக்கலாம். ஆனால் இவ்வளவு சேதமான குழாய் மறுபடி ஒட்டிக்கொள்ளும், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தும் வரலாம். மிச்சம் இருப்பது ஐவிஎஃப்: முட்டைகளை வெளியே எடுத்து, பரிசோதனைக் கூடத்தில் கருவாக்கி, கருப்பைக்குள் கொண்டு போய் வைப்பது. இவை எல்லாம் வேண்டாம் என்றால் தத்தெடுப்பதைப் பற்றியும் பேசலாம், அதுவும் குறைந்த வழி அல்ல என்றார்.

ஐவிஎஃப் என்றே எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

“முட்டைகளை எடுத்துக் கருவாக்கி உறைய வைத்துவிடலாம். அதற்குப் பிறகு, கருவை உள்ளே வைக்கும் முன், இரண்டு குழாய்களையும் எடுத்துவிடுவது நல்லது. அதில் தேங்கிய நீர் கருப்பைக்குள் கசியும். கரு ஒட்டுவதற்கு அது நல்லதல்ல.”

குழந்தை வேண்டும் என்று வந்தவளிடம், குழந்தை வரும் பாதையையே வெட்டி எறியச் சொல்கிறார். அவர் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன், கையைக் குலுக்கினேன், வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். செந்தில் தண்ணீர் வாங்கி வந்தார்.

“எதுக்கு வெட்டணும்? வெட்டிட்டா அப்புறம் காலம் பூரா இவங்ககிட்டத்தானே வரணும்? நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க லா” என்றேன்.

“ஏற்கனவே அடைச்சுக் கெடக்கு கோமதி. இப்பவும் இவங்ககிட்டத்தானே வந்திருக்கோம்.”

அவர் சொன்னது சரி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த சில வாரங்கள் நான் வேறு வழி தேடி அலைந்தேன். உடன் வேலை பார்க்கும் ரொஹானா எல்லைக்கு அப்பால் ஜோகூரில் ஒரு மலாய் உருவு வைத்தியப் பெண்ணிடம் கூட்டிப் போனாள். அவர் என் வயிற்றை எண்ணெய் போட்டு நீவிவிட்டு, மூன்று தடவை வந்தால் கண்டிப்பாகக் குழந்தை என்றார். தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் மலைவேம்புப் பொடியைக் கையில் கொடுத்து, “இதுல ஏமாந்தவங்களே கிடையாதும்மா” என்றார்கள். செந்திலின் நண்பர் ஒருவர், வெளிநாட்டில் ஒரு தனியார் மையத்தின் முகவர் நம்பரைக் கொடுத்தார். அந்த முகவர் போனிலேயே உத்தரவாதம் கொடுத்தார். இரட்டைக் குழந்தை வேண்டுமா என்று கூடக் கேட்டார். கேட்காமலே உத்தரவாதம் கொடுப்பவரின் பின் இருக்கைக்கு அடியில் எப்போதும் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தெரியும். பொடியை மட்டும் வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். குடிக்கவில்லை, தூக்கியும் போடவில்லை.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரே காரில் வந்த இருவரைத் தனித்தனியாக நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்போம். பதில் ஒன்றாக இருந்தால் விடுவோம். அதைத்தான் டாக்டர்களிடமும் செய்தேன். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் எக்ஸ்ரே படத்தை மட்டும் கொண்டு போனேன். இதற்கு முன் யாரையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இரண்டு குழாயையும் எடுத்துவிட்டு ஐவிஎஃப் செய்வதுதான் நல்லது” என்றார். ஆலோசனைக்கு நல்ல தொகை வாங்கிக்கொண்டு அதே பதில். அப்போதும் மனம் சமாதானமாகவில்லை. இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள்தானே என்று தோன்றியது.

மறுபடி பழைய டாக்டரிடமே போனேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை.

“குழாயை எடுத்துவிட்டால் குழந்தை பிறக்கும் என்று உறுதி தருவீர்களா?”

“இல்லை” என்றார்.

“அப்புறம் எதற்கு எடுக்க வேண்டும்?”

“எடுத்தால் வாய்ப்பு கூடும். எடுத்த பிறகும் பிறக்காமல் போகலாம். அப்படி ஆன பெண்கள் என்னிடம் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் முன் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.”

எத்தனையோ பேரிடம் போயிருந்தேன். உறுதி தர முடியாது என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் இவர்தான். சம்மதித்தேன்.

முதலில் முட்டை எடுக்கும் சுற்று. தினமும் வயிற்றில் ஊசி. பார்க்கப் பேனா போல இருக்கும், ஆனாலும் எனக்குக் கை வராது. செந்தில்தான் போட்டுவிடுவார். கப்பலின் அடித்தட்டைத் துளைப்பவர், என் வயிற்றருகே வந்ததும் ஊசியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். “நீ வேற பக்கம் பாரு” என்பார். “நான் பாக்கலன்னா சரியா போட்டீங்களான்னு எப்படித் தெரியும்?” என்பேன். மருந்தின் அளவை அவர் ஒரு தடவை திருப்புவார், நான் ஒரு தடவை சரிபார்ப்பேன். வயிறு ஊதி, சீருடைக் கால்சட்டையின் பொத்தான் போடவில்லை. மயக்கம் கொடுத்து முட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். நிறைய கிடைத்தது என்று மகிழ்ந்தோம். மறுநாளிலிருந்து தொலைபேசி வரவர எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. சில முதிரவில்லை, சில கருவாகவில்லை, சில பாதியில் நின்றுவிட்டன. கடைசியில் உறைய வைக்கத் தகுதியாக இருந்தது ஒன்று.

மருத்துவமனைக் கட்டணத்தில் அரசாங்கம் கொஞ்சம் ஏற்றுக்கொண்டது, சேமிப்பிலிருந்து மிச்சம் போனது. பணம் மட்டும் பிரச்சினை இல்லை. இன்னொரு முறை முதலிலிருந்து இதைச் செய்ய என் உடம்பும் மனசும் தாங்காது என்று செந்திலிடம் சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார். ஆகவே எங்களுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு கரு. அதற்காகத்தான் இரண்டு குழாய்களையும் கொடுக்கப் போகிறேன்.

அறுவை சிகிச்சைக்கு முன் அத்தை ஊரிலிருந்து வந்தார்கள். செந்திலின் அம்மா. நான் கூப்பிடவில்லை. “நீ வேலைக்குப் போயிட்டா அவளுக்கு ஒரு வாய் கஞ்சி யாரு குடுப்பா?” என்று அவர்களாகவே செந்திலிடம் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார்கள். விமான நிலையத்தில் என்னை மேலும் கீழும் பார்த்து, “இளைச்சுப் போயிட்டியே ஆத்தா” என்றார்கள். வேவு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று உடம்பையும் வீட்டையும் அளந்துகொண்டு போக வந்திருக்கிறார்கள். சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடியின் பொது நடைபாதைக் கோடிக்குப் போய்விடுவார்கள், மாடிப்படிப் பக்கம் திரும்பி நின்று குரலைத் தாழ்த்தி வெகுநேரம் பேசுவார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு ரேஷன் அரிசிக்கு மாறும். இது எனக்குப் பழகின ஜாடை. காரிலும் இப்படித்தான் பேச்சை மாற்றுவார்கள்.

அறுவை சிகிச்சை தொப்புள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது. வயிற்றை ஊதவைக்க வாயு அடிப்பார்கள். விழித்தபோது வயிறு வலிக்கவில்லை, தோள் வலித்தது. வயிற்றில் கைவைத்தவர்களுக்குத் தோளில் என்ன வேலை? நர்ஸ் புஷ்பாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். புஷ்பா ஈப்போவில் பிறந்தவர், தடித்த கண்ணாடி, வேகமான நடை.

“கேஸ் மா. உள்ள மிச்சம் இருக்கும், அது மேல ஏறி தோளுல வலிக்கும். நடந்தா போயிடும்.”

“எல்லாருக்கும் இப்படித்தானா?”

“நம்பலன்னா பக்கத்து பெட்டுல கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். அந்தப் பெண்ணும் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

டாக்டர் வந்ததும் நான் முதலில் கேட்டது, எடுத்ததைப் பார்க்க முடியுமா என்பதுதான். பொருளைப் பறிமுதல் செய்தால் கண்ணில் காட்ட வேண்டாமா? அவர் சிரிக்கவில்லை, மறுநாள் படத்தைக் கொண்டு வந்து காட்டினார். இரண்டு பக்கமும் உப்பி, நீர் நிரம்பி, மொச்சைக்காய் போலத் தடித்துக் கிடந்தன. எத்தனையோ வருடமாக இவை எனக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்கின்றன. அழுகை வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு டாக்டர் சொன்னது உண்மை என்று கண்ணால் பார்த்தேன், அதற்காகவும் அழுதேன்.

அத்தை தினமும் ரயில் ஏறி வந்தார்கள். ஆங்கிலம் தெரியாது, ஸ்டேஷன் பெயரைச் செந்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவார்களாம். தூக்கில் ரசம் சாதமும் பருப்புத் துவையலும். நர்ஸ் மாத்திரை கொண்டு வந்தால் ஒவ்வொன்றையும் எதற்கு என்று தமிழில் கேட்பார்கள். புஷ்பா பொறுமையாகப் பதில் சொல்வார். “உங்க அத்தை உங்களுக்கு மேல இருக்காங்க லா” என்று என் காதில் சொன்னார்.

உடம்பு தேற இரண்டு மாதவிலக்கு போனது. கருவை உள்ளே வைக்கும் நாள் குறித்தார்கள். அந்த நாளை அத்தையிடம் சொல்லாதீர்கள் என்று செந்திலிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தோற்றுப்போனால் ஊரெல்லாம் அன்றைக்கே தெரிய வேண்டாம் என்பது என் கணக்கு. மருத்துவமனையில் ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள்: அன்று செண்ட், பவுடர், வாசனை எதுவும் கூடாது. கரு இருக்கும் கூடத்தின் காற்று சுத்தமாக இருக்க வேண்டும். வாசனைப் பொருளின் ஆவி கருவுக்கு ஆகாது. நான் செண்டு பாட்டிலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், வாசனை சோப்பைத் தொடவில்லை. எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அத்தை எதையோ ஊகித்திருக்க வேண்டும். நான் லீவு போட்டது, செந்தில் விடியும் முன்பே கேலாங் சிவன் கோவிலுக்குக் கிளம்பியது, எல்லாம் கண்ணில் பட்டிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியில் நெருப்பு எடுத்து, சாம்பிராணி போட்டு, என் ஈரத்தலையை விரித்து முதுகுக்குப் பின்னால் பிடித்தார்கள். இதமாக இருந்தது. அவர்கள் கை என் பின்னங்கழுத்தைத் தொட்டது. அந்தச் சமயத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. செண்ட் என்றால் பாட்டிலில் இருப்பது; சாம்பிராணி என்பது தலை காய வைப்பது. என் புத்தியில் இரண்டும் சேரவே இல்லை. செந்தில் கோவிலிலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்தார். நெற்றியில் ஜவ்வாது கலந்த சந்தனம், சட்டைப் பையில் மல்லிகைப் பொட்டலம். அதையும் நான் கண்டுகொள்ளவில்லை.

உள்ளே போகும் முன் உடை மாற்றிக்கொள்ளும் அறையில் புஷ்பா இருந்தார். என் பக்கத்தில் வந்தவர் அப்படியே நின்றார்.

“சாம்பிராணியா?”

நான் தலையை ஆட்டினேன்.

“ஐயோ. செண்ட் கூடாதுன்னு சொன்னோம் இல்ல?”

“அது செண்ட் இல்லையே” என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு முட்டாள்தனம் என்று புரிந்துவிட்டது.

புஷ்பா திரும்பிச் செந்திலைப் பார்த்தார். “சார், நீங்க கோவிலையே தூக்கிட்டு வந்துட்டீங்க.”

உறைய வைத்த கருவை இளக்கிவிட்டார்களா என்று கேட்டேன். காலையிலேயே எடுத்துவிட்டார்கள், இன்குபேட்டரில் பத்திரமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் பொறுக்கும் என்றார். செந்தில் குழாயடியில் நெற்றியைத் தேய்த்துக் கழுவினார். பூவும் சட்டையும் பைக்குள் போய் வெளியே போயின. என்னைக் குளியலறைக்குக் கூட்டிப் போய், தலையைக் குனியச் சொல்லி, வெறும் தண்ணீரை ஊற்றினார் புஷ்பா. வாசனை ஷாம்பூ ஆகாது. சாம்பிராணிப் புகை வெறும் தண்ணீருக்கு இறங்குமா? ஊற்றினார், மோந்து பார்த்தார், மறுபடி ஊற்றினார். இதில் இன்னொரு கொடுமை: ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிய சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்க வைத்திருந்தார்கள். முட்டிக்கொண்டு நிற்கிறது, காதருகே தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். கடைசியில் தலையைத் துண்டால் இறுக்கி, மேலே இரண்டு தொப்பி போட்டு அனுப்பினார்.

உள்ளே என் பெயரும் அடையாள எண்ணும் கேட்டார்கள். சொன்னேன். “இப்போது நீங்கள் சொல்லுங்கள், அது யாருடைய கரு?” என்று கூடத்துப் பெண்ணிடம் திருப்பிக் கேட்டேன். அவர் என் பெயரையும் செந்தில் பெயரையும் நிதானமாகச் சொன்னார். திரையில் ஒரு சிறு வெண்புள்ளி நகர்ந்து உள்ளே போனது. வலியில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

அதன் பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு. அதுதான் இந்த வியாதியிலேயே கொடியது. தலையணையில் முகம் வைத்தால் சாம்பிராணி வாசனை வருவது போலிருந்தது. தோற்றால் இதுதான் காரணம் என்று மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன். அத்தை தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்று கூட ஒரு நாள் யோசித்தேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த நாட்களில் புத்தி அப்படித்தான் ஓடும். அவர்களிடம் பேச்சைக் குறைத்தேன். அவர்கள் தட்டில் வைத்ததைத் தின்றேன், தட்டைக் கழுவினேன், அறைக்குள் போனேன்.

ஒரு சாயங்காலம் அவர்கள் போனுடன் வெளியே போனதும், குப்பைப் பையை எடுத்துக்கொண்டு நானும் சத்தமில்லாமல் பின்னால் போனேன். மாடிப்படித் திருப்பத்தில் நின்று கேட்டேன்.

“…அதான் சொல்றேன்ல. கொறை எம்மவன்கிட்ட. அந்தப் புள்ள மேல ஒரு சொல்லு சொல்லாத. அவ ராசாத்தியாட்டம் இருக்கா. இவனால அது ஊசி குத்திக்கிட்டுக் கெடக்கு. ஊருல யாரு கேட்டாலும் இதையே சொல்லு.”

குப்பைப் பை என் கையிலேயே இருந்தது. அவர்கள் திரும்பியபோது நேருக்கு நேர் நின்றோம். முகம் வெளுத்துவிட்டது, பிடிபட்டவர்களின் முகம்.

“ஏன் அத்தை பொய் சொல்றீங்க? குறை எனக்குத்தான். உங்களுக்கே தெரியும்.”

“ஊருக்கு எதுக்கு ஆத்தா நெசம்? ஆம்பளப் புள்ளைய ரெண்டு நாளு பேசுவாக, அப்பறம் மறந்துருவாக. உன்னையச் சொன்னா விடமாட்டாக. நீ ஒரு வளைகாப்புக்குப் போயி நிக்க முடியுமா?”

“இவருக்குத் தெரியுமா?”

“அவந்தான் மொதல்ல சொன்னான். ‘எம்மேல போட்டுரும்மா’ன்னான்.”

இவ்வளவு நாள் என் வீட்டுக்குள்ளேயே ஒரு கடத்தல் நடந்திருக்கிறது, எனக்காக. அவர்கள் இருவரும் சேர்ந்து, என் கண்ணுக்கு முன்னாலேயே. எனக்குக் கோபம் வந்தது, கூடவே அந்த இடத்திலேயே அவர்கள் தோளில் சாய்ந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. சாயவில்லை. “உள்ள வாங்க, காத்து அடிக்குது” என்றேன். அன்றைக்குச் சாம்பிராணிக் கதையை முழுவதும் அவர்களிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கரண்டியத் தொட்டே இருக்கமாட்டேனே” என்று அழுதார்கள்.

இரத்தப் பரிசோதனை முடிவைத் தொலைபேசியில் சொன்னார்கள். ஒட்டியிருக்கிறது என்றார்கள். “எந்த கோமதி? முழுப் பெயர் சொல்லுங்க” என்றேன். சொன்னார்கள். அப்படியும் நான் வீட்டில் மகிழ்ச்சி காட்ட விடவில்லை. இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனின் எண் ஏறுகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும், ஏறினாலும் இடம் சரியா என்று பார்க்க வேண்டும், இடம் சரியானாலும் உள்ளே உயிர் இருக்க வேண்டும். எண் ஏறியது. செந்தில் இனிப்பு வாங்கி வந்து பிரிக்காமலே குளிர்பெட்டியில் வைத்தார்.

முதல் ஸ்கேன் நாள். அத்தை வெளியே காத்திருந்தார்கள், செந்தில் என் தலைமாட்டில் நின்றார். டாக்டர் கருவியை நகர்த்தி நகர்த்தித் தேடினார். அவர் தேடத் தேட நான் எல்லாவற்றையும் இழந்துவிட்டேன். குழாய்களை, கருவை, அந்தச் சின்ன அறையை. பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பு வட்டத்துக்குள் ஒரு சாம்பல் கீற்று. அதன் நடுவில் ஏதோ விட்டு விட்டு மினுங்கியது.

“இதயம்” என்றார்.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: என் நெஞ்சு இப்படிப் படபடக்கிறதே, என் இரத்த ஓட்டம்தான் அங்கே அப்படித் தெரிகிறதோ? எத்தனை பேர் எதை எதையோ பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்கவில்லை. இடது கையின் மணிக்கட்டில் வலது கை விரல்களை வைத்து என் நாடியைப் பிடித்தேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

என் நாடி பயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மினுங்கியது என்னை விட்டுவிட்டு ஓடியது. என்னுடையது ஒன்று அடிப்பதற்குள் அது முந்திக்கொண்டது, மறுபடி முந்திக்கொண்டது. ஒரு தடவை சேர்ந்தது போலிருந்து உடனே விலகிப் போனது. நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன். என் விரலுக்குக் கீழே மாறியது, அங்கே மாறவில்லை.

“என்ன பண்ற கோமதி?” என்று செந்தில் குனிந்து கேட்டார்.

“என்னோடது இல்ல” என்றேன். “அது தனியா அடிக்குது.”